நாலாவது சக்கரத்துக்கு ஒரு சொட்டு

ஜூன் 3, திங்கள்

கை கால் வராதவர்களுக்கு நடத்தும் இலவசப் பயிற்சி முகாமில் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். நாற்பது நாளும் என்ன பயிற்சி செய்தோம், எங்கே வலித்தது என்று அன்றன்றைக்கு எழுத வேண்டுமாம். நான் கைநாட்டு, எழுத்து தெரியாது என்று பயிற்சி கொடுக்கும் ஜெசிந்தா மேடத்திடம் சொன்னேன். “அப்போ நீங்க சொல்லுங்க, யாராவது எழுதட்டும்” என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், “நான் எழுதறனுங்க மாமா. எப்படியும் ரெண்டு மணி நேரம் சும்மாதான் உக்காந்திருக்கோணும்” என்று நோட்டை வாங்கிக்கொண்டாள்.

பெயர் பூங்கோதை. ஐம்பத்தொரு வயது. வீட்டில் தையல் வேலை. அவளுடைய அப்பாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டு ஏழு மாதம் ஆகிறது. பேச்சும் போய்விட்டது. ‘இல்ல’ என்ற ஒரே ஒரு சொல்தான் மிச்சம். காபி வேண்டுமா என்று கேட்டால் ‘இல்ல’ என்கிறார். டம்ளரை வாங்கிக் குடித்துவிடுகிறார்.

அவர் பெயர் திருமூர்த்தி. நானும் அவரும் ஒரே மில்லில் இருந்தவர்கள். அவர் ஃபிட்டர். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வெயில் கண்ணில் அடித்திருக்கும்.

என் பெயர் ராக்கியண்ணன். வயது எழுபத்தாறு. இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். இன்றைக்கு முப்பது தடவை மடக்கி நீட்டினேன். வலித்தது.

ஜூன் 5, புதன்

ஹாலின் நடுவில் மரச் சட்டங்களை வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். அதில் ஓட உள்ளங்கை அளவு கார்கள் ஐந்து. யாரோ தானமாகக் கொடுத்தவை. துப்பாக்கி மாதிரி இருக்கும் ரிமோட்டை மேஜையில் கட்டி வைத்திருக்கிறார்கள். விசையை வராத கையின் விரலால் இழுக்க வேண்டும், பக்கத்தில் ஸ்டீயரிங் மாதிரி இருக்கும் சின்னச் சக்கரத்தை நல்ல கையால் திருப்ப வேண்டும். விசையை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு வேகம். விழுந்துபோன விரலுக்கு இது நல்ல வேலை என்கிறார் மேடம்.

திருமூர்த்திக்கு நீலக் கார். ஒரு நெல்மணி அளவுக்கு விசையை இழுத்தார். நெற்றியில் வேர்வை நின்றது. கார் ‘ங்ங்’ என்று முனகிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றது. மூன்று தடவை இழுத்தார். பிறகு கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

இடது கை வராமல் இங்கே வரும் பஸ் கண்டக்டர் சின்னராசு எதையும் சும்மா விடுகிற ஆள் இல்லை. “வண்டி பிரேக்டவுனுங்க. பின்னால வர்ற வண்டியில ஏறிக்குங்க” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். திருமூர்த்தி சிரிக்கவில்லை.

ஜூன் 8, சனி

மேடம் இன்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாற்பதாவது நாள் பரிசோதனை. கை வராதவர்கள் ஆறு நிமிஷத்துக்குள் காரைப் பத்து சுற்று ஓட்ட வேண்டும். ஓட்டினால் அந்தக் கைக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். மேலும் மூன்று மாதம் இங்கேயே இலவசப் பயிற்சி. ஓட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வெளியே காத்திருப்பவர்கள் நூற்றுப் பத்துப் பேர்.

“வெளிய காட்டறதுக்கு நமக்கு வக்கில்லைங்க மாமா. இங்க விட்டா அந்தக் கை அப்படியே போயிரும்” என்றாள் பூங்கோதை.

அந்த விரல் நெல்மணி அளவு இழுக்கிறது. அதை என் கண்ணால் பார்த்தேன். அந்த அளவுக்கே நகருகிற மாதிரி கார் லேசாக இருந்தால், தன் விரல் வேலை செய்கிறது என்று அந்த ஆளுக்கே தெரியும். தெரிந்தால் இழுப்பார். கார் இறுகிக் கிடந்தால் என்ன செய்வார்?

மேடத்திடம் போய், நீலக் காரை என்னிடம் கொடுங்கள் என்றேன். “உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?” என்றார். முப்பத்தெட்டு வருஷம் மில்லில் எண்ணெய் விட்டவன் என்றேன். பூங்கோதை தலையைத் தூக்கினாள். “ஆயில்காரருங்களா மாமா நீங்க?” ஆமாம், ஒன்பது பேரில் ஒருத்தன் என்றேன்.

முழங்கால் நாற்பது தடவை.

ஜூன் 10, திங்கள்

பூங்கோதை தையல் மிஷின் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள். நாலு சக்கரத்துக்கும் தளும்பத் தளும்ப விட்டேன். பல் சக்கரத்துக்கும் விட்டேன். கையில் எடுத்துச் சுற்றியபோது நன்றாகத்தான் சுற்றியது. தரையில் விட்டதும் எண்ணெய் தெறித்து டயரெல்லாம் நனைந்து, கார் நின்ற இடத்தில் பம்பரமாகச் சுற்றி, சட்டத்தில் மோதி மல்லாந்தது. மோட்டாருக்குள்ளும் எண்ணெய் போய் ஒரு கருகல் வாசனை வந்தது.

“மில்லுக்காரரே, காருக்கு எண்ணெய் விடச் சொன்னா காரை எண்ணெயில விட்டுட்டீங்களே!” என்றார் கண்டக்டர்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். திருமூர்த்தி சிரித்துக்கொண்டிருந்தார், வாயின் ஒரு பக்கத்தால் மட்டும். நான் பார்ப்பதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

தப்பு என்னுடையதுதான். என் கை மில் அளவுக்குப் பழகிய கை. இதற்கு மில் அளவு ஆகாது.

ஜூன் 13, வியாழன்

மூன்று நாளாக அதே வேலை. அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிச் சுற்றிக் கயிறாக இருந்தது. பிளேடு முனையால் கீறி, குண்டூசியால் ஒவ்வோர் இழையாக எடுத்தேன். பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்து பசையாகியிருந்ததை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காற்றில் காயவிட்டேன். மோட்டாரைத் துடைத்துக் காயவைத்ததும் சரியாகிவிட்டது. இனி அதைத் தொடுவதில்லை.

எண்ணெய்க்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்டக்டர் சர்க்கரைக்குப் போட்டுக்கொள்ளும் ஊசி ஒன்றைப் பழசாக வாங்கிக்கொண்டேன். அதன் முனையில் கடுகு அளவுக்கு ஒரு சொட்டு. அச்சும் சக்கரமும் சேரும் இடத்தில் வைத்து, சுற்றிவிட்டு, வெளியே வருவதைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். டயரில் படக்கூடாது.

வேலை ஆரம்பிக்கும் முன் நாலு சக்கரத்திலும் சாக்பீஸால் ஒவ்வொரு கோடு போட்டேன். அது என்ன என்று பூங்கோதை கேட்டாள். மில்லில் நானூறு இடத்துக்கு எண்ணெய் விட வேண்டும். படித்தவன் நோட்டில் டிக் போடுவான். நான் மெஷினிலேயே கோடு போடுவேன். கோடு இருந்தால் எண்ணெய் விட்டாயிற்று என்று மேஸ்திரிக்குத் தெரியும்.

“விட்டப்பறம்தானுங்களே கோடு போடோணும்?” என்றாள்.

முதலில் வரிசையாகக் கோடு போட்டுக்கொண்டு, பிறகு விட்டுக்கொண்டே போனால் வேகமாக முடியும். அது என் பழக்கம்.

ஜூன் 17, திங்கள்

ஓடிற்று!

திருமூர்த்தி விசையில் விரலை வைத்தார். நெல்மணி அளவுதான். கார் நகர்ந்தது. அவர் சட்டென்று விரலை எடுத்துவிட்டார். கார் நின்றது. தன் விரலைப் பார்த்தார், காரைப் பார்த்தார். மறுபடி வைத்தார். மறுபடி நகர்ந்தது. இரண்டு வளைவு போய்ச் சட்டத்தில் முட்டியது. “இல்ல, இல்ல” என்று கத்தினார். கத்தியபடியே இழுத்தார்.

பூங்கோதை இதை எழுதும்போது மூக்கை உறிஞ்சுகிறாள்.

ஜூன் 21, வெள்ளி

திருமூர்த்தி ஆறு நிமிஷத்தில் மூன்று சுற்று.

பூங்கோதை சந்தோஷத்தில் எல்லோருக்கும் போண்டா வாங்கிவந்தாள். சூடாக இருந்தது. நான் எடுத்துக்கொள்ளவில்லை. “எண்ணெய்ப் பலகாரம் ஆகாதுங்களா மாமா?” என்றாள். வடை சாப்பிடுவேன், பஜ்ஜி சாப்பிடுவேன், போண்டா சாப்பிடுவதில்லை. முப்பத்தொன்பது வருஷமாக.

சாப்பிட்டுக்கொண்டே அவளாக ஒரு கதை சொன்னாள். மில்லில் ஒரு தீ. ஒரு பேரிங் சூடாகி, பஞ்சு பிடித்து, நாலு மெஷின் எரிந்துபோனது. “ஆயில்காரன், நான் எண்ணெய் விட்டேன்னு விசாரணையில சொல்லிட்டானாம். எண்ணெய் இருந்தும் சூடாச்சுன்னா ஃபிட்டர் பேரிங்கைப் பூட்டினது கோணல்னுதானுங்களே ஆகும்? அப்பாவை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. அப்பறம் சைக்கிள்ல போயி கிரைண்டர் ரிப்பேர் பாத்தாரு. என்னை ஏழாவதோட நிறுத்தினாங்க. கணக்குல நான்தான் மாமா முதல் மார்க்கு.”

அந்தத் தீ எனக்கும் ஞாபகம் இருக்கிறது. எண்பத்தைந்தாம் வருஷம், நவம்பர் பதினாலு, வியாழக்கிழமை, சாயந்திரம் ஐந்தே கால். கடைசி வரிசை, சுவரோரம், பதினேழாம் நம்பர் மெஷின். விசாரணையில் இருந்த ஆபீசர் பழுப்பு நிற ஸ்வெட்டர் போட்டிருந்தார். மெஷினில் சாக்பீஸ் கோடு இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். கோடு இருந்தது.

“அந்த ஆயில்காரர் யாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா மாமா?”

மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து ஒன்பது பேர் அம்மிணி என்றேன்.

ஜூன் 22, சனி

முழங்கால் ஐம்பது தடவை. வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 26, புதன்

ஐந்தரை சுற்று. இன்னும் நாலரை வேண்டும், பதினாறு நாள் இருக்கிறது. ஹாலில் எத்தனை பெருக்கினாலும் முடி பறக்கிறது. அது அச்சில் போய்ப் பிடிக்கிறது. இன்றைக்கு மறுபடி முழுசாகக் கழற்றித் துடைத்தேன். கோடு போட்டேன், எண்ணெய் விட்டேன். பின்பக்க வலது சக்கரம் மோட்டார் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அந்த மூடியைப் பூட்டிய திருகாணியின் தலை வேறு தேய்ந்துபோயிருக்கிறது. அதற்குள் நாலு மணி டீ வந்துவிட்டது.

ஜூன் 27, வியாழன்

கார் வலது பக்கம் இழுத்தது. திருமூர்த்தி இடது கையால் எவ்வளவு ஒடித்துத் திருப்பியும் ஒவ்வொரு வளைவிலும் முட்டியது. மூன்று சுற்றுகூட வரவில்லை. மேடம் வந்து, “என்ன ஆச்சு, நேத்து நல்லா இருந்துச்சே?” என்றார்.

அச்சு கோணல், நான் எண்ணெய் விட்டாயிற்று என்றேன்.

இதைச் சொன்னதும் திருமூர்த்தி இடது கையை நீட்டினார். காரை அவர் கையில் கொடுத்தார்கள். மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சக்கரமாக விரலால் சுண்டி, குனிந்து காதை வைத்துக் கேட்டார். மில்லிலும் அவர் அப்படித்தான் கேட்பார். ஒன்று சுற்றியது. இரண்டு சுற்றியது. மூன்று சுற்றியது. நாலாவது கரகரத்து நின்றது. தோளில் இருந்த வெள்ளைத் துண்டை எடுத்து ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் அழுத்தித் துடைத்தார். மூன்று எண்ணெய்ப் பொட்டு விழுந்தது. நாலாவது சக்கரத்திலிருந்து எண்ணெய் வரவில்லை. சாக்பீஸ் தூள் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது.

துண்டை என் பக்கமாக விரித்துக் காட்டினார்.

“இல்ல” என்றார்.

பூங்கோதை, “அப்பா என்னமோ சொல்றாருங்க மாமா” என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தானே சொல்கிறார் என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

திருகாணியைக் கழற்றினேன். நாலாவது சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன். கார் நேராக ஓடுகிறது.

ஜூன் 29, சனி

முழங்கால் அறுபது.

ஜூலை 1, திங்கள்

ஏழு சுற்று. அவர் என் பக்கம் திரும்புவதில்லை. காரை நான் மேஜையில் வைத்தால், நான் தள்ளிப்போன பிறகுதான் விசையைத் தொடுகிறார்.

ஜூலை 3, புதன்

எழுது அம்மிணி. நான் சொல்லச் சொல்ல எழுது. நடுவில் நிறுத்தாதே. நிறுத்தினால் எனக்கு மறுபடி வராது.

எண்பத்தைந்து நவம்பர் பதினாலாம் தேதி இரண்டாம் ஷிப்டில் கடைசி இரண்டு வரிசைக்கும் எண்ணெய் விட வேண்டியவன் ராக்கியண்ணன், நான். எல்லா மெஷினுக்கும் முதலிலேயே கோடு போட்டுவிட்டேன். பதினேழாம் நம்பரில் சுவர்ப் பக்கத்து பேரிங்குக்கு எண்ணெய் விட வேண்டுமானால் படுத்துக்கொண்டுதான் உள்ளே போக முடியும். அப்போது மணி நாலு. கேன்டீனில் போண்டா போட்டுவிட்டார்கள் என்று வாசனை வந்தது. ஆறிப்போவதற்குள் தின்றுவிட்டு வந்து படுக்கலாம் என்று போனேன். மூன்று தின்றேன். அங்கேயே பேச்சில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வரும்போது புகை.

எண்ணெய் விட்டாயா என்று கேட்டார்கள். கோடு இருக்கிறதே பாருங்கள் என்றேன். அதையே எழுதினார்கள். அதற்குக் கீழே கைநாட்டு வைத்தேன். உன் அப்பா எதிரில் நின்றுகொண்டு “இல்ல, இல்ல” என்றார். அவர் பூட்டினதில் கோணல் இல்லை. அந்தக் கடைசி பேரிங்குக்கு நான் எண்ணெய் விடவில்லை.

ஜூலை 4, வியாழன்

இதை எழுதுவது கண்டக்டர் சின்னராசு. வலது கை நன்றாக இருப்பதால் என்னைப் பிடித்துவிட்டார் பெரியவர். நேற்று அந்த அம்மா கடைசி வரி வரைக்கும் எழுதி, பேனாவை மூடி, நோட்டை மேஜையில் வைத்து, அப்பாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். இன்று இருவரும் வரவில்லை.

நேற்றைய பக்கத்துக்குக் கீழே தன் கைநாட்டு வேண்டும் என்றார் பெரியவர். ஆபீஸிலிருந்து இங்க் பேடு வாங்கிவந்து கொடுத்தேன். வைத்தார்.

ஜூலை 6, சனி

மறுபடி சின்னராசு. அவர்கள் இன்றும் வரவில்லை. வராதவர் காருக்கு எதற்கு எண்ணெய் என்று கேட்டேன். “வருவாங்க. வந்தா வண்டி ஓடோணும்” என்கிறார். முதலில் நாலாவது சக்கரம், பிறகு மற்றது. சாக்பீஸைக் குப்பையில் போட்டுவிட்டார். முழங்கால் எண்பது, நான் எண்ணினேன். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார்.

ஜூலை 8, திங்கள்

சின்னராசுதான். வந்துவிட்டார்கள். மூன்று நாளாக அப்பா வீட்டில் மேஜைமேல் விரலை வைத்து இழுத்து இழுத்துக் காட்டுகிறாராம். அதனால்தான் கூட்டிவந்ததாக அந்த அம்மா மேடத்திடம் சொன்னார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

பெரியவர் நோட்டை என்னிடம் கொடுத்து, மூன்றாம் தேதிப் பக்கத்தை ஹால் நடுவில் நின்று சத்தமாகப் படிக்கச் சொன்னார். “அன்னைக்கு மில்லு முழுக்க நான் சொன்னதைக் கேட்டுச்சு, இன்னைக்கு இத்தனை பேராவது கேக்கட்டும்” என்றார். நான் ஆயிரம் பேர் நிற்கும் பஸ்ஸில் கத்தியவன். அதே குரலில் ஒரு வரி விடாமல் படித்தேன். பெரியவர் ஊன்றுகோல் இல்லாமல் நின்றார். படித்து முடிக்கும் வரை உட்காரவில்லை.

திருமூர்த்தி ஐயா முழுவதும் கேட்டார். பிறகு விசையில் விரலை வைத்தார். எட்டரை சுற்று.

ஜூலை 12, வெள்ளி

காலையில் காரை மேஜையில் வைக்கப் போனேன். பூங்கோதை எதிரில் நின்றாள்.

“ஓடுமா?”

ஓடும் என்றேன்.

“நாலுமா?”

கோடு போடலை அம்மிணி, நீயே தொட்டுப் பாரு என்றேன். ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் விரலை விட்டாள். நாலாவதைத் தொட்டுவிட்டு விரல் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காரை வாங்கித் தரையில் வைத்தாள்.

மேடம் கடிகாரத்தை அழுத்தினார். கண்டக்டர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஸ்டாப்பிங் பெயரைக் கத்தினார். “ஒண்டிப்புதூர் எறங்கு! சிங்காநல்லூர் எறங்கு!” யாரும் அவரை அடக்கவில்லை. ஆறாவது சுற்றில் கார் சட்டத்தில் முட்டி நின்றது. திருமூர்த்தி வாயைக் கோணிக்கொண்டு பின்னுக்கு எடுத்தார். எட்டாவது சுற்றில் விரல் நடுங்கியது. நடுக்கம் அப்படியே காருக்கு வந்தது. விட்டு விட்டு ஓடியது. ஆனால் நிற்கவில்லை. அவர் எவ்வளவு கொடுத்தாரோ அவ்வளவையும் அது வாங்கிக்கொண்டது. “டவுன்ஹால்!” ஒன்பது. பூங்கோதை முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். “உக்கடம்! வண்டி இதுக்கு மேல போகாது, எல்லாரும் எறங்குங்க!”

ஐந்து நிமிஷம் ஐம்பத்திரண்டு வினாடி.

எல்லோரும் கை தட்டினார்கள். அவர் விரலை எடுக்கவில்லை. கார் பாதையை விட்டு, சட்டத்தின் இடைவெளி வழியாக வெளியே வந்தது. மேஜைகளுக்கு நடுவில் வளைந்து நேராக என்னிடம் வந்து, ஆபரேஷன் செய்த காலின் பெருவிரலில் முட்டியது. பின்னால் போனது. மறுபடி வேகமாக வந்து முட்டியது. வலித்தது. நான் காலை நகர்த்தவில்லை. மேடம் தடுக்க வந்தார், வேண்டாம் என்று கை காட்டினேன்.

எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கடைசியில் வந்தபோது ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பவில்லை. விரலை விசையிலிருந்து எடுத்து, காரைச் சுட்டிக் காட்டினார்.

சாயந்திரம் பூங்கோதை வந்து உட்கார்ந்தாள். நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். “சொல்லுங்க” என்றாள். மாமா என்று சொல்லவில்லை. எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள்.

திங்கட்கிழமை அவர்கள் வருவார்கள். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. என் முழங்காலுக்கு முகாம் முடிந்துவிட்டது. ஆனால் கார்களைப் பார்த்துக்கொள்ள வரலாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார். காலையில் அவர் சுட்டிக் காட்டியதும் நான் குனிந்து நீலக் காரை எடுத்தபோது பின்பக்க வலது சக்கரத்தில் ஒரு முடி சுற்றியிருந்தது. குண்டூசியால் எடுத்துவிட்டேன். ஒரு சொட்டு விட்டேன். சுண்டிவிட்டு, அவரைப் போலக் காதோரம் வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லாமல் நெடுநேரம் சுற்றியது.